ரீப்பரில் பெரியம்மாவின் பேச்சைத் தொகுத்த அனுபவம்

கையில் இருந்தவை இரண்டு கோப்புகள். ஒன்று, மேசைமேல் வைத்த கையடக்க ரெக்கார்டரில் பதிந்தது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மற்றது, அதே நேரத்தில் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த கைப்பேசியில் பதிந்தது. இரண்டிலும் ஒரே பேச்சுதான். மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் இருக்கும் என் பெரியம்மா, செபராங் பிறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்ததையும், கல்யாணம் ஆகிப் பினாங்குத் தீவுக்கு வந்ததையும், பெரியப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தையும் ஒரு மதியம் முழுக்கச் சொன்னார். நடுவில் தண்ணீர் குடித்தார், யாரோ கதவைத் தட்டினார்கள், பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது, தகரக் கூரையில் மழை பெய்து ஓய்ந்தது. காற்றாடி மட்டும் நிற்கவே இல்லை. அந்த வெயிலில் அதை நிறுத்தச் சொல்ல முடியாது.

இந்த நீளமான பேச்சைக் குடும்பத்தில் எல்லாரும் உட்கார்ந்து கேட்கும் அளவுக்குச் சில பகுதிகளாகப் பிரித்துத் தொகுப்பதுதான் வேலை. செய்யச் செய்ய எனக்குப் புரிந்த ஒன்றை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஒலித்தொகுப்பு மென்பொருளில் எஃபெக்ட், பிளக்இன் என்று பேசுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் பேச்சைத் தொகுக்கிறவருக்கு முக்கால்வாசி வேலை எடிட்டிங் சன்னலிலேயே முடிந்துவிடுகிறது. அங்கே நாம் எங்கே நிற்கிறோம், எதைப் பிடித்திருக்கிறோம் என்பது ஒவ்வொரு நொடியும் தெரிந்தால் போதும், கை தானாக ஓடும்.

நான் பயன்படுத்தியது ரீப்பர். வினாம்ப் என்ற பழைய பாட்டு ஓட்டும் மென்பொருள் நினைவிருக்கிறதா? அதை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல்தான் காக்கோஸ் என்ற நிறுவனத்தின் வழியாக இதையும் கொண்டு வந்தார். 1.0 என்ற பதிப்பு 2006இல் வந்தது. 60 நாள் எந்த வசதியும் குறையாமல் சோதித்துப் பார்க்கலாம். தனிப்பட்ட உபயோகத்துக்கான உரிமம் 60 அமெரிக்க டாலர். பழைய மடிக்கணினியிலும் தடுமாறாமல் ஓடும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் உண்டு. கீழே நான் சொல்லும் விசைகள் விண்டோஸில் ரீப்பரைப் புதிதாக நிறுவியதும் இருப்பவை.

திறந்தவுடன் தெரிவது ஒரு பெரிய வெற்றுப் பரப்பு. இடது பக்கம் டிராக்குகளின், அதாவது ஒலித் துண்டுகளை அடுக்கும் வரிசைகளின், பெயர்ப் பலகை. ஒவ்வொன்றுக்கும் சத்தக் கட்டுப்பாடு, மியூட், சோலோ. மேலே நேரம் காட்டும் ரூலர். நடுவில் ஒலித் துண்டுகள் கிடக்கும் இடம். அதற்குக் கீழே ஓட்ட, நிறுத்த உதவும் பட்டை. அடியில் மிக்சர் கால்வாசித் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பேச்சு வேலைக்கு அது இப்போது தேவையில்லை, கண்ட்ரோல் எம் அழுத்தினால் மறைந்துவிடும். அப்படிக் கிடைக்கும் உயரம் பெரிய வரம், ஏனென்றால் அலைவடிவம் உயரமாகத் தெரிந்தால்தான் மெல்லிய ஒலிகள் கண்ணில் படும்.

அடுத்து ரூலர். ரீப்பர் இசைக்காரர்களை மனத்தில் வைத்துக்கொண்டு, தாளக் கணக்கை முன்னால் வைத்துக் காட்டுகிறது. வேகம் நிமிடத்துக்கு 120 அடி, அதாவது அரை நொடிக்கு ஓர் அடி. பெரியம்மா எந்தத் தாளத்துக்கும் பேசவில்லை. ரூலரில் வலது கிளிக் செய்து நிமிடம், நொடி என்று மாற்றிக்கொண்டேன். அதைவிட முக்கியமானது ஸ்னாப்பை அணைப்பது, ஆல்ட் எஸ். அது இயங்கினால், வெட்ட நினைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டக் கோட்டுக்குக் கர்சரை இழுத்துக்கொண்டு போய்விடும். பேச்சில் அரை நொடி என்பது ஒரு முழுச் சொல். கட்டக் கோடுகளும் கண்ணை மறைக்கின்றன என்றால் ஆல்ட் எல் அழுத்தி அவற்றையும் எடுத்துவிடலாம்.

மவுஸ் சக்கரத்தை உருட்டினால் நேரவாக்கில் விரியும், சுருங்கும். கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு உருட்டினால் டிராக் உயரமாகும். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு உருட்டினால் இடமும் வலமும் நகரும். இந்த மூன்றும் விரலில் ஏறிவிட வேண்டும். விரிக்கும்போது திரை எடிட் கர்சர் இருக்கும் இடத்தை நோக்கித்தான் விரியும். மவுஸ் இருக்கும் இடத்தை நோக்கி விரிய வேண்டுமென்றால் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். நான் மாற்றவில்லை. முதலில் ஒரு கிளிக், பிறகு விரிப்பது என்ற பழக்கம் இருந்தால், விரித்த பிறகு எங்கே வந்தோம் என்று தேட வேண்டியிருக்காது.

ஏன் இவ்வளவு விரிப்பதும் சுருக்குவதும் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரப் பதிவு முழுவதையும் 1920 பிக்சல் அகலத் திரையில் வைத்தால், ஒரு பிக்சலுக்கு 1.875 நொடி. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து எடுத்த மாதிரிகளில், அது 90,000 மாதிரிகள். "பெர்ரியில ஏறுனோம்" என்று பெரியம்மா சொன்னது முழுவதும் ஒரே ஒரு கோட்டுக்குள் அடங்கிவிடும். அந்தத் தூரத்தில் தெரிவது மழை வந்த பகுதி, கதவு தட்டிய இடம், அவர் சிரித்த இடங்கள் ஆகியவைதான். ஒரு நிமிடம் திரையை நிரப்பும்படி விரித்தால் வாக்கியங்கள் பிரியும். ஐந்து நொடிக்கு வந்தால் சொற்கள். ஒரு நொடி திரையை நிரப்பினால் எழுத்துகளே பிரிந்து நிற்கும். எந்த வேலைக்கு எந்தத் தூரத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் இந்தச் சன்னலில் வழி கண்டுபிடிப்பதில் பாதி. பகுதி பிரிக்க மேலிருந்து பார்க்க வேண்டும், வெட்ட நெருங்கி வர வேண்டும்.

மீதிப் பாதி கர்சர்கள். திரையில் ஒரே நேரத்தில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன, நான்கும் வெவ்வேறு. கிளிக் செய்த இடத்தில் நிற்பது எடிட் கர்சர். ஒலிக்கும்போது ஓடுவது பிளே கர்சர்; ஸ்பேஸ் விசையை அழுத்தி நிறுத்தினால் அது மறைந்து, அடுத்த முறை எடிட் கர்சரில் இருந்துதான் மறுபடி ஒலிக்கும். மவுஸை இழுத்து நிழலிட்ட நேர வரம்பு டைம் செலக்‌ஷன். கிளிக் செய்ததும் மேலெழுந்து வெளிச்சமாகத் தெரிவது தேர்ந்தெடுத்த துண்டு. நேர வரம்பைக் குறித்ததால் துண்டைத் தேர்ந்தெடுத்ததாக ஆகாது. துண்டைத் தேர்ந்தெடுத்ததால் நேரத்தைக் குறித்ததாகவும் ஆகாது.

இந்த வேறுபாடு ஏன் பெரிது என்றால், ஒவ்வொரு கட்டளையும் இவற்றில் ஒன்றைத்தான் பார்க்கிறது. எஸ் விசை துண்டை வெட்டும். நின்றிருக்கும்போது அழுத்தினால் எடிட் கர்சரில் வெட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் பிளே கர்சரில் வெட்டும். ஒரு துண்டு தேர்வாகியிருந்தால் அதை மட்டும் வெட்டும். எதுவும் தேர்வாகவில்லை என்றால் கர்சருக்குக் கீழே இருக்கும் எல்லா டிராக்கிலும் வெட்டு விழும். ஷிஃப்ட் எஸ் நேர வரம்பின் இரண்டு ஓரத்திலும் வெட்டும். டெலீட் விசையோ நேர வரம்பைக் கண்டுகொள்ளாது, தேர்வான துண்டை முழுதாகத் தூக்கிவிடும். அதனால் எஸ்கேப் அழுத்திப் பழைய நேர வரம்பைக் கலைப்பது, எது வெளிச்சமாக இருக்கிறது என்று பார்ப்பது, பிறகு வெட்டுவது என்ற வரிசையை நான் விடுவதில்லை. ஒரு நொடி வேலை அது.

சரி, இரண்டு கோப்புகளையும் இரண்டு டிராக்கில் போட்டாயிற்று. இனி அவற்றைச் சேர்க்க வேண்டும். பதிவின் தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல் பதிந்து வைத்திருந்தோம். தட்டல் என்பது திரையில் ஊசிக் கோடாக நிற்கும், தேடவே வேண்டாம். முதல் தட்டலை மாதிரி அளவுக்கு விரித்துப் பார்த்து, கைப்பேசித் துண்டை நகர்த்தி ரெக்கார்டர் துண்டோடு பொருத்தினேன். தொடக்கம் பொருந்தியது. கடைசித் தட்டலுக்குப் போய்ப் பார்த்தால், ரெக்கார்டருக்கும் கைப்பேசிக்கும் நடுவே சின்ன விலகல்.

இது இயல்பு. ஒவ்வொரு கருவிக்கும் உள்ளே தனிப் படிகக் கடிகாரம் ஒன்று ஓடுகிறது, இரண்டு கடிகாரங்கள் மிகச் சரியாக ஒத்துப்போவதில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்று வைத்தால்கூட ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெகண்ட் விலகும். காதுக்கு அது எதிரொலியாகக் கேட்க ஆரம்பிக்கும் அளவு. தீர்வு எளிது. துண்டின் வலது ஓரத்தை ஆல்ட் அழுத்தி இழுத்தால், துண்டு நீள்வதற்குப் பதிலாக உள்ளே இருக்கும் ஒலி நீளும் அல்லது சுருங்கும். கடைசித் தட்டல்கள் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்று வரும்வரை இழுத்தேன். இழுப்பதற்கு முன்பே துண்டின் பண்புகளில் சுருதியைக் காப்பாற்றும் தேர்வை நீக்கிவிட்டேன். இவ்வளவு நுண்ணிய மாற்றத்தில் சுருதி மாறுவது யாருக்கும் கேட்காது, ஆனால் அந்தத் தேர்வு இருந்தால் ஒலி தேவையில்லாமல் ஒரு செயற்கை வேலைப்பாட்டுக்குள் போய் வரும்.

தட்டலைப் பொருத்தும்போது ஒன்றைக் கவனிக்கலாம். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். கைப்பேசி ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் பேச்சு அங்கே ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் தாமதமாகப் போய்ச் சேரும். தட்டியவர் உட்கார்ந்த இடமும் பேசியவர் உட்கார்ந்த இடமும் வேறு என்றால் தட்டல் சரியாகப் பொருந்தினாலும் பேச்சில் இந்த வித்தியாசம் மிஞ்சும். இரண்டு டிராக்கையும் சேர்த்து ஒலிக்க விட்டால் குரல் குழாய்க்குள் இருந்து வருவதாகக் கேட்கும். அதனால் கலக்கவே வேண்டாம். ரெக்கார்டர்தான் முதன்மை. பெரியம்மாவின் வளையல் ரெக்கார்டரில் இடித்த இடங்களில் மட்டும் கைப்பேசி ஒலியை எடுத்துக்கொண்டேன். இரண்டு துண்டுகளையும் தேர்ந்தெடுத்து ஜி விசையை அழுத்தினால் ஒரே குழுவாகிவிடும். ஒன்றைத் தொட்டால் மற்றதும் சேர்ந்து வரும், வெட்டினால் இரண்டும் ஒரே இடத்தில் வெட்டுப்படும்.

இதற்குப் பிறகும் நான் உடனே வெட்டத் தொடங்கவில்லை. முழுப் பதிவையும் ஓட விட்டு, எம் விசையால் குறி வைத்துக்கொண்டே போனேன். ஓடும்போது அழுத்தினாலும் அந்த இடத்தில் குறி விழும். ஷிஃப்ட் எம் அழுத்தினால் பெயரும் எழுதலாம். பெயர்களைத் தமிழிலேயே எழுதினேன், சிக்கலில்லாமல் தெரிகிறது. "காலைப் பெரட்டு" (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுப்பது), "ஆயாக் கொட்டாய்" (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), "கடைத்தெரு", "பாலம் வருமுன்". கடைத்தெரு என்பது இன்றைய லெபோ பாசார். பெரியம்மாவின் வாயில் வேறு பெயர் வராது. பாலம் என்பது 1985இல் திறந்த பினாங்குப் பாலம். அதற்கு முன் எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குப் போய்வர ஃபெர்ரிதான் வழி. 1969இல் தீவின் வரியில்லாத் துறைமுக நிலை போனபிறகு கடைத்தெருவில் கூட்டம் எப்படி இருந்தது என்று அவர் சொன்ன பகுதிக்குத் தனிக் குறி. குறிகளின் பட்டியலைத் தனிச் சன்னலாகத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டால், ஒரு பெயரைக் கிளிக் செய்ததும் கர்சர் அங்கே போய் நிற்கும். எங்கே என்ன இருக்கிறது என்று மூளையில் சுமக்க வேண்டியதில்லை.

இப்போது வெட்டு. இங்கேதான் தமிழ்ப் பேச்சு தனக்கென்று சில விதிகளை வைத்திருக்கிறது. பெரும்பாலான விளக்கங்கள் ஆங்கிலப் பேச்சை வைத்து எழுதியவை, இதைச் சொல்வதில்லை.

"பெரட்டு" என்ற சொல்லை ஒரு நொடி திரையை நிரப்பும் அளவுக்கு விரித்துப் பாருங்கள். "பெர" என்று ஓர் அலைக்கூட்டம். பிறகு தட்டையான வெற்றிடம். பிறகு ஒரு கூர்மையான முள், அதன்பின் சின்ன "உ". அந்த வெற்றிடம் அமைதி இல்லை. அதுதான் "ட்". நாக்கு மேலண்ணத்தை அடைத்து நிற்கும் நேரம் அது. அப்பா, பாட்டி, பத்து, அக்கா என வல்லினம் இரட்டிக்கும் எந்தச் சொல்லிலும் நடுவில் இப்படி நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் கூடவோ வெற்றிடம் இருக்கும். வல்லினம் தனியாக உயிருக்கு நடுவில் வந்தால் அப்படி இல்லை. "படகு" என்று சொல்லும்போது அலை அறுபடாமல் ஓடும். மெல்லினத்தின் பின் வரும் "பங்கு", "பாம்பு" போன்றவற்றிலும் ஓடும். கண்ணுக்கு இடைவெளியாகத் தெரிவதை எல்லாம் இடைவெளி என்று எடுத்துக்கொண்டால் சொல்லின் நடுவில் கத்தி விழும்.

இது கையால் வெட்டும்போது மட்டுமில்லை. ரீப்பரில் டி (D) விசையை அழுத்தினால் அமைதியான இடங்களைத் தானாகக் கண்டுபிடித்து வெட்டும் வசதி வரும். அதில் அமைதி குறைந்தது எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்ற அளவு உண்டு. அதைச் சிறியதாக வைத்தால் "பாட்டி" "பா" என்றும் "டி" என்றும் இரண்டு துண்டாகிவிடும். அரை நொடிக்குக் குறையாமல் வைத்தால் சொற்கள் பிழைக்கும். அப்படியும் நான் அதை இருமல், தண்ணீர் குடித்த நேரம் போன்ற நீண்ட இடைவெளிகளைத் தேடிக் காட்டத்தான் பயன்படுத்தினேன். வெட்டை என் கையில் வைத்துக்கொண்டேன்.

சொல்லின் முடிவும் இதே மாதிரிக் கவனம் கேட்கும். "வந்துச்சு", "இருந்துச்சு" என்று பெரியம்மா வாக்கியத்தை முடிக்கும்போது கடைசி "உ" ஏறக்குறைய மூச்சுக் காற்றாகவே கரைந்துவிடும். குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை என்று இலக்கணம் சொல்வது திரையில் அப்படியே தெரியும்: "ச்" உடைய உரசல் ஒலி, அதன்பின் காணக் கிடைக்காத ஒரு வால். "மரம்", "வந்தோம்" போன்றவற்றில் கடைசி "ம்" பேச்சில் மூக்கொலியாகத் தேய்ந்து போகும். அதுவும் மெல்லிய வால்தான். வழக்கமான உயரத்தில் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை என்று தோன்றும். ஷிஃப்ட்டோடு மேல் அம்புக்குறியை அழுத்தினால் அலைவடிவத்தின் உயரம் மட்டும் திரையில் கூடும், ஒலி மாறாது. அப்போது அந்த வால் காற்றாடி இரைச்சலில் இருந்து தலை தூக்குவது தெரியும். வாக்கியத்தின் முடிவில் வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் நான் இதைச் செய்கிறேன். வால் நறுக்குப்பட்ட தமிழ், அவசரமாகப் பேசுகிறவரின் தமிழாகக் கேட்கிறது. பெரியம்மா அவசரப்படுகிறவர் இல்லை.

மூச்சு? வாக்கியத்துக்கு முன்னால் சின்ன மேடாகத் தெரிவது அவர் இழுக்கும் மூச்சு. அது அடுத்து வரும் வாக்கியத்துக்குச் சொந்தம். மூச்சுக்கு முன்னால் வெட்ட வேண்டும், பின்னால் இல்லை. மூச்சை எல்லாம் துடைத்தெடுத்தால் சுத்தமாக இருக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. ஒரு கதையை எடுக்கப்போகிறார் என்பதை அந்த மூச்சுதான் கேட்பவருக்கு முதலில் சொல்கிறது.

இரண்டு வாக்கியங்களை ஒட்ட வேண்டிய இடத்துக்கும் வல்லினம் உதவுகிறது. அடுத்த வாக்கியம் "பெரியப்பா", "தோட்டத்துல", "காலையில" என்று வல்லினத்தில் தொடங்கினால், அந்த எழுத்து வெடிப்பதற்குச் சற்று முன் உதடோ நாக்கோ அடைத்திருக்கும் நேரம் உண்டு. ஒட்டை அங்கே வைத்தால், தொடர்ந்து வரும் வெடிப்பொலி அதை மறைத்துவிடும். காதைத் தீட்டிக் கேட்டாலும் தெரியாது. உயிரெழுத்தில் தொடங்கும் "அப்போ", "அந்தக் காலத்துல" போன்றவற்றில் ஒட்டுவதுதான் கடினம். அங்கே மூச்சோடு சேர்த்து எடுக்க வேண்டும்.

வெட்டிய பிறகு இடைவெளி மூடும் வேலையை ரிப்பிள் செய்யும். ஆல்ட் பி (P) அழுத்த அழுத்த அது மூன்று நிலைகளுக்கு மாறும்: எதுவும் நகராதது, அந்த டிராக்கில் மட்டும் பின்னால் இருப்பவை நகர்வது, எல்லா டிராக்கிலும் நகர்வது. இரண்டு கோப்புகளைப் பொருத்தி வைத்திருக்கும் நமக்கு மூன்றாவதுதான். குறிகளும் கூடவே நகரும், அதனால் "கடைத்தெரு" எப்போதும் கடைத்தெருவிலேயே நிற்கும். வெட்டி ஒட்டும் வேலை முடிந்ததும் ரிப்பிளை அணைத்துவிட்டுத்தான் நகர்த்தும் வேலைக்குப் போவேன். திரையின் மேற்பட்டையில் அதன் படம் எரிகிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பது நல்லது.

ஒட்டுகளில் காற்றாடி இரைச்சல் நம்மைக் காட்டிக்கொடுக்கும். பேச்சுக்குப் பின்னால் ஓடும் "உஸ்" ஒரே சீராக இருந்தால் காது அதை மறந்துவிடும். சட்டென்று மாறினால் உடனே திரும்பிப் பார்க்கும். ரீப்பர் ஒவ்வொரு வெட்டிலும் 10 மில்லிசெகண்டுக்கு ஒரு மங்கலை, அதாவது சத்தம் மெல்ல ஏறி இறங்கும் ஃபேடை, தானாக வைக்கிறது. அலை பாதியில் அறுந்து "டிக்" என்று சத்தம் வராமல் இருக்க அது போதும், காற்றாடிக்குப் போதாது. ஒரு துண்டின் ஓரத்தை இழுத்து அடுத்ததன்மேல் ஏற்றினால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரையும். 40, 50 மில்லிசெகண்ட் அளவுக்கு ஏற்றினால் இரைச்சல் வழுக்கிக்கொண்டு போகும். மழைப் பகுதியில் இருந்து மழையில்லாத பகுதிக்கு வரும்போது மட்டும் ஒரு நொடிக்கு மேல் விட்டேன். மழை ஓய்ந்ததாகவே கேட்கிறது.

வாக்கியத்துக்கு நடுவே பெரியம்மா யோசித்து நின்ற இடத்தில் கதவு தட்டும் சத்தம் விழுந்திருந்தது. அந்த நேரத்தை வெட்டி எடுத்துவிட்டால் யோசித்த நேரமும் போய்விடும். அதனால் வேறொரு இடத்தில் யாரும் பேசாத சில நொடிகளை, காற்றாடி மட்டும் ஓடும் துண்டைப் பிரதி எடுத்து அங்கே வைத்தேன். ஆல்ட் அழுத்தித் துண்டின் உடலை இழுத்தால், துண்டு நின்ற இடத்திலேயே நிற்க, உள்ளே இருக்கும் ஒலி மட்டும் நகரும். இரைச்சல் பொருந்தும் இடம் வரும்வரை அப்படி நகர்த்திப் பார்க்கலாம். பதிவு செய்யப் போகிறவர்கள் பேச்சு தொடங்கும் முன் ஒரு நிமிடம் எல்லாரும் சும்மா இருந்து அந்த அறையை மட்டும் பதிந்து வையுங்கள். பின்னால் அது தங்கம்.

துண்டுகள் எல்லாம் கோப்பைப் பார்க்கும் வரம்புகள்தான், கோப்பே இல்லை என்பதை இந்த வேலையில்தான் நன்றாக உணர முடியும். தையல்காரர் துணியை வெட்டி எறியாமல் உள்ளே மடித்துத் தைப்பதைப் போல, நாம் எடுத்ததெல்லாம் ஓரத்துக்குள் மடிந்து கிடக்கிறது. ஓரத்தைப் பிடித்து வெளியே இழுத்தால் நீக்கிய சொல் திரும்ப வரும். மூலக் கோப்பில் ஒரு மாதிரிகூட மாறியிருக்காது. இந்தத் தைரியம் இருப்பதால் கொஞ்சம் துணிந்தே வெட்டலாம், பிறகு பெரியம்மாவின் மகளான அக்காவுக்குப் போட்டுக் காட்டி, "இங்க அம்மா சித்தியப் பத்திச் சொன்னது எங்கே?" என்று அவர் கேட்டால் ஓரத்தை இழுத்து அதைக் கொடுக்கலாம். உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது. ஊர்க்கதை என்று நான் விட்டிருந்த சில வரிகள் அவருக்குத் தன் சித்தியின் குரல் நினைவு. அவை இப்போது உள்ளே இருக்கின்றன. கண்ட்ரோல் ஆல்ட் இஸட் அழுத்தினால் செய்த ஒவ்வொரு காரியமும் பட்டியலாக வரும். எந்த வரிக்கும் திரும்பிப் போகலாம்.

இரைச்சலைக் குறைப்பது பற்றி ஒரு வரி. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஒரு வடிகட்டியைப் போட்டேன். நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் மேசை அதிர்வும் அதில் போய்விட்டன. அதற்கு மேல் தொடவில்லை. காற்றாடியை முழுவதும் துடைத்தால் குரலின் ஓரங்களும் சேர்ந்து கழன்றுபோகும், முன்னே சொன்ன அந்த வால்கள்தான் முதலில் போகும். சத்தமாக விழுந்த இருமல் மாதிரி இடங்களுக்கு, அதை மட்டும் தனித் துண்டாக வெட்டி, துண்டின் மேல் விளிம்பைக் கீழே இழுத்துச் சத்தத்தைக் குறைத்தேன்.

பகுதிகளைப் பிரிக்க, ஒவ்வொரு கதையின் நீளத்துக்கும் நேர வரம்பைக் குறித்து ஷிஃப்ட் ஆர். ரூலரில் பெயரோடு ஒரு வண்ணப் பட்டை வரும். வெளியே எடுக்கும்போது, இந்தப் பட்டைகளின்படி தனித்தனிக் கோப்பாக எடுக்கச் சொன்னால் பெயரும் தானாக விழும். வைத்திருப்பதற்கு 24 பிட் வேவ். வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு மோனோ எம்பி3. கோலாலம்பூரில் இருக்கும் அக்காவின் பிள்ளைகள் காரில் கேட்பார்கள், அவர்களுக்குச் சின்னக் கோப்புதான் வசதி. பெரியம்மா பாடிய தாலாட்டுகளை மட்டும் எதிலும் சேர்க்காமல் தனித் தொகுப்பாக வைத்திருக்கிறேன். அவற்றில் வெட்டு ஒன்றுகூட இல்லை. மூச்சுத் திணறி நிறுத்தி மறுபடி எடுத்த இடம் உட்பட எல்லாம் அப்படியே.

சேமிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ரீப்பரின் திட்டக் கோப்பில் ஒலி இல்லை. எந்த ஒலிக் கோப்பில் எங்கிருந்து எங்குவரை எடுக்க வேண்டும் என்ற குறிப்புகள்தான் எழுத்தாக இருக்கின்றன. அதை மட்டும் பிரதி எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தால் அவர் திறக்கும்போது வெற்றுத் துண்டுகள்தான் வரும். வேறு பெயரில் சேமிக்கும் சன்னலில், எல்லா ஒலிக் கோப்புகளையும் திட்டத்தின் கோப்புறைக்குள் பிரதி எடுக்கும் தேர்வு இருக்கிறது. அதைக் குறித்துச் சேமித்து, முழுக் கோப்புறையையும் இரண்டு வன்வட்டுகளில் வைத்தேன். ஸ்டீரியோவில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி. அந்த இடத்தைக் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. ஒரு வன்வட்டு ஜெலுத்தோங்கில், இன்னொன்று அக்காவிடம். அவர் தன் விருப்பப்படி வேறு மாதிரி தொகுக்க நினைத்தால் ஓரங்களை இழுத்துக்கொள்ளலாம், எல்லாம் உள்ளேயே இருக்கிறது.